முதலில் உள்பக்கத்தைத் திருப்புங்கள்

இருபது வயதில், மூன்று வருடம் ஒரு மாலின் இரண்டாவது மாடியில் துணிக்கடை ஊழியராக இருந்தேன். காலையில் கடை திறப்பதற்கு முன் நகரும் படிக்கட்டு ஓடாமல் நிற்கும். அதில் ஏறும்போது முதல் படியிலேயே கால் தடுமாறும். ஓடும் என்று எதிர்பார்த்துப் பழகிய கால். கீழே நடுக்கூடத்தில் நீரூற்றைத் திறந்துவிடுவார்கள். ஆளில்லாத மூன்று மாடிக்கும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே சீக்கிரம் போவேன். சென்ற வருடம் அந்த மால் மூடப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அலமாரியைத் திறந்தேன். அந்த மூன்று வருடத்தில் ஊழியர் தள்ளுபடியில் மாதாமாதம் வாங்கிக் குவித்தவற்றில் ஒன்றுகூட இல்லை. எது எப்போது கிழிந்தது, எதை யாரிடம் கொடுத்தேன் என்பதுகூட நினைவில்லை. அந்தக் காலத்தில் வாங்கியதில் எஞ்சியிருப்பது நீலக்கோடு போட்ட ஒரு பருத்திச் சட்டை. அதுவும் எங்கள் கடையில் வாங்கியதல்ல. மாலின் பின்வாசலுக்கு எதிரே இருந்த பழைய துணிக்கடையில், எனக்கு முன்பே யாரோ சில வருடம் போட்டுக் கழித்த சட்டை. வாங்கச் சொன்னவர் எங்கள் கடைக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுத்த மாஸ்டர்.

மால்களை நினைத்து ஏங்குகிறவர்கள் பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். யாரும் ஒரு சட்டையைச் சொல்லி ஏங்கியதில்லை. சிநேகிதியோடு கைகோத்து மூன்று மாடியும் சுற்றியது, வாங்காமலே பத்து உடை போட்டுப் பார்த்தது, கண்ணாடி லிஃப்டில் காரணமில்லாமல் மேலும் கீழும் போய் வந்தது, இவைதான் திரும்பத் திரும்ப வரும். நடை உடை என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். மாலில் நமக்குப் பிடித்திருந்தது நடை. உடை அதற்கு நாம் கட்டிய வாடகை. அந்த நடையைப் பழைய துணிக்கடைக்குக் கொண்டுபோவது எப்படி, அங்கே எதைப் பார்த்து வாங்குவது என்று மாஸ்டரிடம் கற்றதையும், கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எடினா என்ற ஊரில், 1956இல் சவுத்டேல் என்ற மால் திறந்தது. முழுக்கக் கூரை மூடி, உள்ளே வெப்பநிலையைச் சீராக வைத்த முதல் மால் அதுதான். வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாவில் பிறந்தவர். காரில்லாமல் எங்கும் போக முடியாத புறநகரில் மக்கள் நடக்கவும் உட்கார்ந்து பேசவும் ஓர் ஊர்நடு வேண்டும் என்று நினைத்தார். நடந்தது வேறு. ஒரு பொருளை வாங்க வந்தவர், வெளிச்சத்திலும் சுற்றுவழியிலும் வந்த காரியத்தை மறந்து கண்டதையெல்லாம் வாங்கத் தொடங்குவதற்கு இன்று க்ரூயன் விளைவு என்றே பெயர். மனிதர் கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். இந்த மால்களுக்கு ஜீவனாம்சம் கொடுக்கத் தன்னால் முடியாது என்று 1978இல் ஓர் உரையில் கைகழுவினார்.

பழைய துணிக்கடையில் இந்த ஏற்பாடெல்லாம் தேவையே இல்லை. குவியலைப் பார்த்த மாத்திரத்தில் மறதி தானாக வரும். விலை குறைவாக இருப்பதால் இன்னும் வேகமாக வரும். ஆகவே சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். “நல்ல மேல்சட்டை” என்று எழுதினால் பயனில்லை. இரண்டு வாரம் காலையில் உடுத்தும்போது எதைத் தேடி இல்லாமல் வேறொன்றைப் போட்டுக்கொண்டீர்கள் என்று குறித்து வையுங்கள். எனக்கு வந்த சீட்டு: கறுப்பு முழுக்கால்சட்டை (கம்பளி அல்லது பருத்தி), முழங்கைக்குக் கீழே வரும் கையுள்ள வெள்ளைச் சட்டை, பை உள்ள பாவாடை. மூன்றே வரி. ஒரு வருடமாக அதே சீட்டுதான் பர்ஸில் இருக்கிறது. ஒரு வரியைத்தான் இதுவரை அடித்திருக்கிறேன்.

சீட்டின் பின்பக்கம் அளவுகள். இதைச் செய்யாமல் போகவே போகாதீர்கள். காலருக்குக் கீழே தைத்திருக்கும் எஸ், எம், எல் எதையும் நம்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல். முப்பது வருடத்துக்கு முந்தைய உடையின் எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றல்ல. வாங்குபவரை மகிழ்விப்பதற்காக எண்ணைச் சிறிதாக்கி உடையைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். உங்கள் உடம்பை அளக்கவும் வேண்டாம். உங்களுக்கு மிகச் சரியாக இருக்கும் உடையை அளந்துகொள்ளுங்கள். சட்டைக்குப் பொத்தான் போட்டுத் தரையில் பரப்பி, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, கழுத்தடியிலிருந்து கீழ்விளிம்பு வரை, கையின் நீளம். கால்சட்டைக்கு இடுப்புப் பட்டையின் அகலம், பட்டையிலிருந்து கவட்டைத் தையல் வரை முன்பக்க உயரம், கவட்டையிலிருந்து கணுக்கால் வரை உள்நீளம், தொடையின் அகலம். கடையில் தரையோ மேஜையோ கிடைத்தால் அதேபோல் பரப்பி டேப்பை வையுங்கள். போட்டுப் பார்க்க அறை இல்லாத கடைகளில் இது ஒன்றுதான் துணை.

எந்த அளவில் விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீளத்தைக் குறைப்பது எளிது. இடுப்பைப் பிடிப்பதும் எளிது. தோள் மட்டும் பிடிவாதக்காரன். தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டித் தைக்க வேண்டும். தோளில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பத் தொங்கவிட்டு விடுங்கள்.

கண்ணை மூடி, கையால் நடங்கள்

எங்கள் கடையில் எல்லாம் கண்ணுக்காகவே இருந்தது. ட்ரையல் அறைக் கண்ணாடியின் அடிப்பாகத்தைச் சற்று முன்னால் இழுத்துச் சாய்த்து வைத்திருப்போம், ஆள் உயரமாகத் தெரிவார். விளக்கு பொன்னிறமாக இருக்கும், எந்த நிறமும் எடுப்பாகத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு பழைய துணிக்கடைக்குள் நுழைந்தால் கண் திணறிப்போகும். ஆயிரம் நிறம், எதுவும் எதோடும் சேராது. அதனால் கண்ணை நம்பாமல், வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புறங்கையால் தடவிக்கொண்டே நடங்கள். கை நின்ற இடத்தில் மட்டும் கண்ணைத் திறக்க வேண்டும். மாலில் பழகிய அதே நடைதான்; சற்று மெதுவாக.

கை எதில் நிற்கும் என்பது சில வாரங்களில் பழகிவிடும். லினன் தொட்டதும் குளிர்ச்சியாக இருக்கும். நல்ல கம்பளி உடனே கதகதப்பாகும். பாலியஸ்டர் வழுக்கும், விரலில் சற்று ஒட்டும். சந்தேகமிருந்தால் ஓர் ஓரத்தை உள்ளங்கையில் பிடித்து ஐந்து விநாடி இறுக்கி விடுங்கள். பருத்தியும் லினனும் கசங்கிக்கொண்டே இருக்கும், கம்பளி மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், பாலியஸ்டர் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் கையில் பட்டுபோல் விழும், ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும் நார் அது. பலமுறை முறுக்கிப் பிழிந்த விஸ்கோஸ் உடையில் தையலோரம் இழை விலகியிருக்கும், பாருங்கள்.

பிறகு லேபிள். இடுப்புத் தையலின் உள்ளே இருக்கும் சிறு துண்டில் எத்தனை சதவீதம் என்ன நார் என்று எழுதியிருக்கும். அதை முதலிலேயே வாசிக்காதீர்கள். தொட்டு, இது இன்னது என்று மனதில் சொல்லிக்கொண்டு, பிறகு வாசியுங்கள். மாஸ்டர் என்னை இப்படித்தான் பழக்கினார். ஆறு மாதம் தப்பாகவே சொன்னேன். லேபிளில் சில சமயம் வயதும் தெரியும். மேற்கு ஜெர்மனியில் தயாரித்தது என்று இருந்தால், அந்தக் கோட்டு 1990 அக்டோபருக்கு முந்தையது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இத்தனை வருடம் கழித்தும் தோளில் தையல் பிரியவில்லை என்றால் அதைவிட வேறு சான்றிதழ் என்ன வேண்டும்?

எலாஸ்டேன் என்ற, ரப்பர்போல் நீளும் நார் கலந்த துணிக்குத் தனிச் சோதனை. இரண்டு கையாலும் இழுத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய நொறுங்கும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் நீள்நார் செத்துவிட்டது. இழுத்து விட்டதும் பழைய இடத்துக்கு வராமல் அலை அலையாக நின்றாலும் அதே கதைதான். அதற்கு மருந்து கிடையாது.

உள்பக்கம்

மாஸ்டர் எந்த உடையையும் முதலில் முன்பக்கம் பார்த்து நான் கண்டதில்லை. கையில் வாங்கியதும் பையைக் கவிழ்ப்பதுபோல் உள்ளே வெளியாகத் திருப்புவார். “திருப்பிப் பாரம்மா. வெளியே எல்லோரும் பவுடர் பூசிக்கொண்டுதான் வருவார்கள்” என்பார். எங்கள் கடைக்குப் புதிதாக வந்த சட்டைகளைத் திருப்பி, “இது ஐந்து துவைப்பு. இது இரும்புபோல் இருக்கிறது, பத்து வருடம்” என்று டாக்டர்போல் சொல்லுவார். பத்து வருடச் சட்டைகள் நான் சேர்ந்த வருடமே குறைவு. விலகிய வருடம் அவர் அந்தச் சொல்லையே சொல்லவில்லை.

அவர் பார்த்தவை இவை. தையல் எவ்வளவு நெருக்கம்? சட்டைத் தையலில் ஓர் அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு ஊசிப்பிடி இருந்தால் பரவாயில்லை. நல்ல சட்டையில் அதற்கு மேலேயே இருக்கும். ஏழெட்டு என்றால் அவசரத்தில் ஓட்டியது. தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? பழைய கோட்டுகளிலும் கால்சட்டைகளிலும் இடுப்பின் பின்தையலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துணி உள்ளே மடங்கிக் கிடக்கும். போடுபவர் பருத்தால் பிரித்து விடலாம் என்று தைத்தவர் எதிர்காலத்தை யோசித்திருக்கிறார். வேகமாகவும் மலிவாகவும் தைத்துத் தள்ளும் ஃபாஸ்ட் ஃபேஷன் உடையில் அந்த ஓரம், நூல் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் ஓடிய அரை சென்டிமீட்டர்தான். கிழிந்தால் பிடித்துத் தைக்க இடமே இருக்காது. கோடும் கட்டமும் பக்கத் தையலில் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? சேர வேண்டுமென்றால் வெட்டும்போது துணி கூடுதலாகச் செலவாகும். அதைச் செய்தவர்கள் மற்றதிலும் கஞ்சத்தனம் பண்ணியிருக்க மாட்டார்கள் என்று ஊகிக்கலாம். பனியன் துணி உடைகளில் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்து சுற்றிக்கொண்டிருந்தால் அதை எந்த இஸ்திரியும் நேராக்காது.

அடுத்தது, எங்கே முதலில் நைந்து போகும் என்று தேட வேண்டும். சட்டைக்குக் காலர் மடிப்பு, கஃப் விளிம்பு, அக்குள். கால்சட்டைக்கு உள்தொடை, கவட்டை நான்கு தையல்களும் கூடும் இடம், பின்பக்கக் கீழ்விளிம்பு. ஸ்வெட்டருக்கு முழங்கை. ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துணி எங்கே சல்லடையாகத் தெரிகிறதோ அங்கே அடுத்த மாதம் ஓட்டை. கம்பளியில் ஊசி முனைபோல் சிதறிய துளைகள் இருந்தால் அந்துப்பூச்சியின் புழு தின்றது. அதன் முட்டை உங்கள் அலமாரிக்கும் வரலாம்.

ஜிப்பைப் பத்துமுறை ஏற்றி இறக்குங்கள். சிக்கினால் பென்சில் முனையை அதன் பல்லில் தேய்த்தால் போதும். ஆனால் பல்லே விழுந்திருந்தால் முழுவதும் மாற்ற வேண்டும், அதற்கு உடையைவிடக் கூலி அதிகமாகலாம். பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பிப் பொத்தான் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. பொத்தான் போனதெல்லாம் குறையே இல்லை.

சரி, எதை வாங்கலாம், எதை விட வேண்டும்? விளிம்பு அவிழ்ந்தது, தையல்வழியே பிரிந்தது, பொத்தான் இல்லாதது, இடுப்பு தொளதொளப்பது எல்லாம் அரை மணி வேலை. கால்சட்டையின் உள்தொடை நைந்தது, அக்குளில் மஞ்சளாகி விறைத்தது, சுருங்கிக் கெட்டித்த கம்பளி, பூஞ்சை வாடை, இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். இந்தப் பட்டியலில் ஒன்றை என் செலவில் சேர்த்தேன். பார்த்தால் தோல் கோட்டு, தொட்டாலும் கிட்டத்தட்ட அப்படியே. யாரும் போட்ட அடையாளமே இல்லை, பையில்கூடத் தையல் பிரிக்கவில்லை. இரண்டாவது முறை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். இறங்கும்போது இருக்கை முழுக்கக் கறுப்புச் சருகு. பக்கத்தில் இருந்தவர் தன் சட்டையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் காற்றின் ஈரத்தால் சும்மா கிடந்தாலே சிதையும். போடாமல் வைத்திருந்தது என்பது அதற்கு நற்சான்று ஆகாது. மடிப்பில் நகத்தால் கீறிப் பார்த்திருக்க வேண்டும்.

காலர் நைந்திருந்தால் மட்டும் நான் சட்டையை விடமாட்டேன். நீலக்கோட்டுச் சட்டைக்கு இருந்த குறை அதுதான். காலர் மடிப்பில் நார் வெள்ளையாகத் தெரிந்தது, அதனால்தான் அதைத் தள்ளிவிட்டிருந்தார்கள். மாஸ்டர் சட்டையின் மற்ற இடங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னார். காலர் தனித் துண்டு. கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டைக்குள் அதைச் செருகித் தைத்திருப்பார்கள். அந்த ஒரு தையலை மட்டும் பிரித்து, காலரை உருவி, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, மறுபடி அதே இடத்தில் செருகித் தைத்துவிட்டால் புதுக்காலர். பிரிப்பதற்கு முன் காலரின் நடுவையும் பட்டையின் நடுவையும் ஒரு நூல் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முனை நீளும். காலர் முனையில் பிளாஸ்டிக் குச்சி செருகும் வாய் இருந்தால் திருப்பியபின் அது மேலே தெரியும், அப்படிப்பட்டதைத் திருப்ப வேண்டாம். கோடு போட்ட துணியில் அடிப்பக்கக் காலரின் கோடும் மேற்பக்கம்போலவே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாஸ்டர் இருபது நிமிடத்தில் முடித்தார். நான் முதல்முறை செய்தபோது ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

வீட்டுக்குள் கொண்டுவரும் முன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாங்கியதைப் பையோடு கட்டி வாசலிலேயே வையுங்கள். கட்டில் மேல் கொட்டாதீர்கள். தாங்கும் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாகும். கம்பளி, பட்டு ஆகியவற்றை வெந்நீரில் போட்டால் பூச்சியோடு உடையும் போகும். அவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் ஃப்ரீசரில் குறைந்தது நான்கு நாள். அந்துப்பூச்சி சந்தேகமென்றால் இரண்டு வாரம். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, படுக்கவைத்தே உலர்த்துங்கள். தொங்கவிட்டால் தோள் இறங்கும். அந்துருண்டை வாடை துவைப்பதைவிடக் காற்றில்தான் போகும். ஒரு வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையது என்பதற்காகவே வாங்காதீர்கள்

எங்கள் கடைக்கு வியாழக்கிழமை அட்டைப்பெட்டிகள் வரும். நான் சேர்ந்தபோது மாதம் இருமுறை, விலகும்போது வாரம் இருமுறை. இடையில் 2005 ஜனவரி 1ஆம் தேதி, 1974 முதல் நாடுகளுக்கிடையே துணி ஏற்றுமதிக்கு இருந்த ஒதுக்கீட்டு வரம்பு முடிவுக்கு வந்திருந்தது. ஆடைத் தொழில் கூலி குறைந்த இடங்களை நோக்கித் தடையில்லாமல் நகர்ந்தது. வேகம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டதுதான். ஸ்பெயினில் 1975இல் தொடங்கிய ஸாரா 1989இல் நியூயார்க்கில் கடை திறந்தபோது, மனதில் தோன்றிய உடை 15 நாளில் கடைக்கு வந்துவிடுகிறது என்று அங்கத்திய நாளிதழ் வியந்து எழுதியது. இன்று 15 நாள் என்றால் யாரும் வியப்பதில்லை.

வந்தது விற்காவிட்டால்? மாதக் கடைசியில் மேலாளர் எங்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பார். விற்காத உடைகளின் முதுகில் நீளமாக ஒரு வெட்டு வெட்டிக் குப்பையில் போட வேண்டும். யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதாம். மாஸ்டரைக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை. தைப்பதற்குத்தான் தனக்குக் கூலி என்று சொல்லியனுப்பினார். நான் வெட்டினேன். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கத்தரிக்கோல்தான். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தொழிலாளர்களை உள்ளே போகச் சொல்லியிருந்தார்கள். அப்படித் தைத்த ஒன்றைத்தான் நான் யாரும் போடாமலே வெட்டியிருப்பேன்.

அதன்பின் புது உடை வாங்குவதை நிறுத்தினேன். ஆனால் கை நிற்கவில்லை. முதல் வருடம் மட்டும் நாற்பத்தொரு பழைய உடை வாங்கினேன். எண்ணிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. பழையதுதானே, பாவமில்லை என்ற எண்ணம் மாலைவிட மோசமான விற்பனையாளர். பாதியைத் திரும்பவும் நன்கொடைப் பெட்டியில் போட்டேன். பெட்டியில் போடுவதெல்லாம் யாருக்கோ உதவுகிறது என்று நம்புவது வசதியாக இருக்கும். கானாவின் தலைநகர் ஆக்ராவில் கன்டமான்டோ என்றொரு பெரிய சந்தை இருக்கிறது. பணக்கார நாடுகள் கழித்த உடைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அங்கே அவற்றுக்குப் பெயர் ஓப்ரோனி வாவு: இறந்த வெள்ளைக்காரரின் உடை. உயிரோடிருக்கும் ஒருவர் இவ்வளவைக் கழித்துவிட முடியும் என்று அந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. மூட்டையைப் பிரிக்காமலே விலை கொடுத்து வாங்கும் வியாபாரிக்கு உள்ளே நைந்த பனியன்கள் கிடைத்தால் அது அவர் நஷ்டம்; பிறகு சாக்கடைக்கும் கடற்கரைக்கும் பாரம். சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் இப்படிக் குவிந்த துணிமேடுகள் உண்டு.

ஆகவே இப்போது என் வழக்கம் இது. பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு கடையை ஒருமுறை முழுதாகச் சுற்றுவேன். சுற்றி முடிப்பதற்குள் அதைச் சுமப்பது எரிச்சலாக இருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். சீட்டில் இல்லாததென்றால் அன்று வாங்குவதில்லை. மறுவாரமும் நினைவில் இருந்தால், அதுவும் அங்கேயே இருந்தால், பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்காது. பழைய துணிக்கடைகளில் இப்போது ஃபாஸ்ட் ஃபேஷன் உடைகள்தாம் பாதிக்கு மேல். அவற்றை ஒதுக்க வேண்டும் என்றில்லை. உள்பக்கம் திருப்பினால் தேறுவது அபூர்வம், தேறினால் எடுத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளை உதிர்க்கும் என்பதால், அடிக்கடி துவைக்கத் தேவையில்லாத மழைக்கோட்டுபோல் ஏதாவதென்றால் மட்டும் அதை வாங்குகிறேன்.

நடைக்கும் வழி இருக்கிறது. மாலில் என்னோடு வேலைபார்த்த சிநேகிதியும் நானும் மாதம் ஒருமுறை போகிறோம். ஒரு விதி: அவளுக்கு நான் மூன்று உடை, எனக்கு அவள் மூன்று உடை தேடிக் கொண்டுவர வேண்டும், போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். சென்ற முறை அவள் எனக்குத் தோளில் பஞ்சு அடைத்த ஊதாக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். கைகள் என் முட்டிவரை வந்தன. சிரித்துச் சிரித்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. போன மாதம் நாங்கள் கொண்டுவந்து கொடுத்த கால்சட்டை விற்றுவிட்டது என்று சொன்னார்.

நீலக்கோட்டுச் சட்டையின் திருப்பிய காலரும் இப்போது மடிப்பில் வெள்ளை காட்டுகிறது. காலருக்கு மூன்றாவது பக்கம் கிடையாது. ஆனால் பட்டை நன்றாகவே இருக்கிறது. காலரை முழுதாக உருவிவிட்டு, பட்டையின் வாயை மடித்து மூடித் தைத்தால் நின்ற கழுத்துச் சட்டையாகும். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையை வைத்திருக்கிறேன். உருவிய காலர்த் துண்டைத் தூர எறிய மாட்டேன். அக்குளில் ஒட்டுப்போட அதே கோடு வேறெங்கும் கிடைக்காது.